பள்ளிக்கூடம் மறக்கப் பழக வேண்டும்

1985 செப்டம்பரில் டொரொன்டோ நகரில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைக்கு இன்று நாற்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். பள்ளியை விட்டு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கும். அவருடைய பிள்ளைகளே இப்போது பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். கனடாவின் மிகப் பெரிய பள்ளி நிர்வாகமான டொரொன்டோ மாவட்டப் பள்ளி வாரியம் 2025 ஜனவரியில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 1985 செப்டம்பர் முதல் 2024 டிசம்பர் வரை படித்த மாணவர்களின் விவரங்கள் திருடர் கைக்குப் போயிருக்கக்கூடும் என்று அது சொன்னது. பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவை அதில் இருந்தன. பழைய மாணவர்களுக்கு அரசு மருத்துவ அட்டையின் எண்ணும், அண்மைக் காலத்தில் படித்தவர்களுக்கு ஒவ்வாமை, உடல்நலக் குறைபாடு போன்ற மருத்துவக் குறிப்புகளும் சேர்ந்திருந்தன. இந்த நாற்பதாண்டுக் கணக்கில் நம்மவர்களும் உண்டு. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து அகதிகளாகப் போய் ஸ்கார்பரோ பக்கம் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் படித்தது இந்த வாரியத்தின் பள்ளிகளில்தான்.

திருட்டு நடந்த விதத்தில் பெரிய தந்திரம் எதுவும் இல்லை. வட அமெரிக்கப் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் தங்கள் மாணவர்களின் வருகைப்பதிவு, மதிப்பெண், பெற்றோர் விவரம் எல்லாவற்றையும் பவர்ஸ்கூல் என்ற தனியார் நிறுவனத்தின் மென்பொருளில் வைத்திருக்கின்றன. பெற்றோர் வீட்டிலிருந்தபடியே பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்ப்பதும் அதன் வழியாகத்தான். பள்ளிகளில் கோளாறு வந்தால் சரிசெய்து கொடுக்க அந்த நிறுவனம் ஓர் உதவித் தளம் நடத்தியது. அங்கிருந்து பள்ளிகளின் தரவுக் கிடங்குக்குள் நேரே போக ஒரு வழி வைத்திருந்தது. நிறுவனத்துக்காக வேலை செய்த ஒருவரின் கடவுச்சொல் வெளியாள் கையில் சிக்கியது. நம் ஊரில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கவே கைப்பேசிக்கு ஓடிபி வருகிறது. பல கோடிக் குழந்தைகளின் விவரம் இருந்த இடத்தில் கடவுச்சொல்லைத் தாண்டி இரண்டாவது சோதனை எதுவும் இல்லை. 2024 டிசம்பர் கடைசியில் நுழைந்த ஆள், மாணவர் பட்டியலையும் ஆசிரியர் பட்டியலையும் அப்படியே பிரதி எடுத்துக்கொண்டு வெளியேறினார். 6 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள், 1 கோடி ஆசிரியர்கள் என்பது அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் சொன்ன கணக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் 19 வயதுக் கல்லூரி மாணவர். அவருக்கு 2025 அக்டோபரில் 4 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இடையில் இன்னொன்றும் நடந்தது. மிரட்டலுக்குப் பணிந்து நிறுவனம் பணம் கொடுத்தது. தரவை அழித்துவிட்டதாகக் காட்டும் காணொளி ஒன்றையும் பெற்றுக்கொண்டது. 2025 மே மாதம், டொரொன்டோ உட்படப் பல பள்ளி வாரியங்களுக்கு அதே தரவைச் சொல்லி மறுபடியும் மிரட்டல் வந்தது.

இந்தச் செய்தியைக் கேட்டதும் எல்லோரும் பூட்டைப் பற்றித்தான் பேசினார்கள். ஏன் இரண்டாவது சோதனை வைக்கவில்லை, ஏன் ஒரே கடவுச்சொல்லால் இத்தனை பள்ளிகள் திறந்தன என்றார்கள். நியாயமான கேள்விகள்தான். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று: 1985இல் படித்த பிள்ளையின் மருத்துவ அட்டை எண் 2024இல் அங்கே எதற்காக இருந்தது? பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் என்றாவது ஒரு நாள் ஒருவன் உடைப்பான். உடைத்தவன் எவ்வளவை அள்ளிக்கொண்டு போகிறான் என்பதை உள்ளே எவ்வளவு வைத்திருந்தோம் என்பதுதான் தீர்மானிக்கிறது. மாணவர் தரவைக் காப்பதற்கு முதல் வேலை, தேவைக்கு மேல் கேட்காமல் இருப்பது. அடுத்த வேலை, தேவை தீர்ந்ததும் அழிப்பது. பூட்டும் பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்தும் இவற்றுக்குப் பின்னால் வருபவை. நம் நாட்டுச் சட்டமும் நம் பள்ளிகளும் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கின்றன என்பதே என் வாதம்.

காகிதக் காலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. தலைமையாசிரியர் அறையின் இரும்பு பீரோவில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். அது நிலையாக வைக்கவேண்டியது. வருகைப் பதிவேடும் மதிப்பெண் பேரேடும் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, இடம் போதாமல் மூட்டை கட்டப்பட்டுப் போய்விடும். கரையானும் மழையும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டன. ஒரு மாவட்டத்தின் நாற்பதாண்டுப் பதிவேடுகளைத் திருட வேண்டுமானால் லாரி தேவைப்பட்டிருக்கும். கணினி வந்த பிறகு, வைத்திருப்பதற்குச் செலவும் இல்லை, முடிவும் தேவையில்லை. அழிப்பதற்குத்தான் யாராவது உட்கார்ந்து யோசித்து, பொறுப்பேற்று, உத்தரவு போட வேண்டியிருக்கிறது. எந்த அலுவலகத்திலும் அப்படி ஒருவர் தானாக முன்வருவதில்லை. நாளைக்கு யாராவது கேட்டால் என்ன செய்வது என்ற பயம் அழிப்பவருக்கு உண்டு. வைத்திருந்ததற்காக யாரும் அவரைக் கேள்வி கேட்கப்போவதில்லை. இப்படித்தான் எவருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலே நாற்பதாண்டு விவரம் ஒரே இடத்தில் குவிந்துவிடுகிறது.

அதோடு, இணையவழிக் கல்வித் தளங்கள் சேர்ப்பது பழைய பதிவேட்டில் இருந்ததைப்போலப் பல மடங்கு. மாணவர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், பாடக் காணொளியை எந்த இடத்தில் நிறுத்தினார், ஒரு கணக்கை எத்தனை தடவை தப்பாகப் போட்டார், எந்த மாதிரிக் கைப்பேசி, எந்த ஊரிலிருந்து என்று எல்லாமே பதிவாகின்றன. இவற்றில் சில பாடம் நடத்த உதவும். பல உதவாது. ஒவ்வொரு கைப்பேசிக்கும் விளம்பரதாரர்கள் அடையாளம் காண்பதற்காக ஓர் எண் உண்டு. பாடச் செயலிக்குள் வெளி நிறுவனத்தின் நிரல் துண்டு ஒன்று இருந்தால், அது அந்த எண்ணை எடுத்துத் தன் நிறுவனத்துக்கு அனுப்ப முடியும். அதே கைப்பேசியில் இருக்கும் விளையாட்டுச் செயலியும் கடைச் செயலியும் அதே எண்ணை அனுப்பலாம். மூன்றையும் ஒன்றாக்கிப் பார்ப்பவருக்கு, பெயரே தெரியாவிட்டாலும், அந்தப் பிள்ளையைப் பற்றி ஆசிரியருக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரிந்துவிடும்.

பெருந்தொற்றுக் காலத்தில் உலகம் முழுக்கப் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது அரசுகளே கற்றல் செயலிகளைப் பரிந்துரைத்தன. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 49 நாடுகளில் அப்படிப் பரிந்துரைக்கப்பட்ட 160க்கும் மேற்பட்ட செயலிகளையும் தளங்களையும் பிரித்து ஆராய்ந்து 2022 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. நூற்றுக்கு 89 தளங்கள் குழந்தைகளின் உரிமைக்கு ஆபத்தான வகையில் தரவைக் கையாண்டன என்பது அதன் முடிவு. இந்திய அரசின் திக்‌ஷா செயலியும் அந்தப் பட்டியலில் இருந்தது. குழந்தை இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறியும் திறன் அதற்கு இருந்ததையும், அதன் தனியுரிமைக் கொள்கையில் அதைச் சொல்லாமல் விட்டதையும் அறிக்கை சுட்டிக்காட்டியது. அடுத்த ஆண்டு ஜனவரியில் இன்னொன்று வெளியே வந்தது. திக்‌ஷாவின் கிளவுட் சேமிப்பகம் ஒன்று பூட்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் அதில் இருந்தன. ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் பெயரும், எங்கே படிக்கிறார்கள் என்பதும், எந்தப் பாடத்தை எவ்வளவு முடித்தார்கள் என்பதும் இருந்தன. தனியார் பக்கமும் நிலைமை வேறல்ல. அன்அகாடமி தளத்தின் பயனர் விவரங்கள் 2020இல் கசிந்தபோது, நிறுவனமே ஒப்புக்கொண்ட எண்ணிக்கை சுமார் 1.1 கோடி.

பெற்றோரின் ஒப்புதலைப் பெற்றுத்தானே எல்லாம் நடக்கிறது என்று இதற்குப் பதில் சொல்வார்கள். நம் சட்டமும் அதையே தூணாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒப்புதல் என்பதற்கு ஒரு பொருள் இருக்க வேண்டுமானால், மறுக்கவும் முடிய வேண்டும். வீட்டுப்பாடம் இந்தச் செயலியில்தான் வரும், தேர்வும் இதில்தான் என்று பள்ளி சொல்லிவிட்ட பிறகு எந்தத் தாய் மறுப்பார்? மறுத்தால் நஷ்டம் பிள்ளைக்கு. அந்த ஒப்புதல் படிவமும் பல பக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. கைப்பேசியில் எதை எங்கே அழுத்துவது என்று பெற்றோருக்குப் பிள்ளையே சொல்லித்தரும் வீடுகள் நம்மிடம் ஏராளம். ஸ்வீடனில் 2019இல் நடந்த ஒன்று இந்த இடத்தில் நினைவுகூரத்தக்கது. ஷெல்லஃப்டியோ என்ற ஊரின் பள்ளி ஒன்றில் வருகைப்பதிவுக்காக 22 மாணவர்களின் முகத்தைக் கேமரா மூலம் அடையாளம் காணும் சோதனை மூன்று வாரம் நடந்தது. மாணவர்கள் தரப்பில் ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். ஆனாலும் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2 லட்சம் குரோனா அபராதம் விதித்தது. பள்ளிக்கும் மாணவருக்கும் இடையில் அதிகாரம் சமமாக இல்லாதபோது அந்த ஒப்புதல் செல்லாது என்றது. வருகைப்பதிவு எடுக்க முகத்தைப் பதிவுசெய்யத் தேவையே இல்லை என்றும் சொன்னது. ஒப்புதலைத் தாண்டித் தேவையைக் கேட்ட இந்தத் தீர்ப்பு, என் பார்வையில், மிகச் சரியானது.

அமெரிக்காவில் எட்மோடோ வழக்கு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஆசிரியரும் மாணவரும் வீட்டுப்பாடத்தைப் பரிமாறிக்கொண்ட தளம் அது. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தகவலைச் சேர்ப்பதற்கு அந்நாட்டுச் சட்டப்படி பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதைப் பெறும் பொறுப்பை எட்மோடோ பள்ளிகள் தலையிலும் ஆசிரியர்கள் தலையிலும் போட்டுவிட்டு, குழந்தைகளின் விவரத்தை விளம்பரம் காட்டப் பயன்படுத்தியது என்று கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023 மே மாதம் 60 லட்சம் டாலர் அபராதம் என்று முடிவானது. குற்றச்சாட்டில் இருந்த ஒரு கணக்கைப் பலரும் கவனிக்காமல் விட்டார்கள். எட்மோடோ ஒரு கட்டத்தில் 3.6 கோடி மாணவர்களின் விவரத்தைக் கையில் வைத்திருந்தது. அப்போது தளத்தை உண்மையில் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் 10 லட்சம் பேர் மட்டுமே. மீதி 3.5 கோடிப் பேர் எப்போதோ வந்து போனவர்கள். அவர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய விவரம் போகவில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்கில் எத்தனை மதிப்பெண் என்று தெரிந்து யார் என்ன செய்துவிடப் போகிறார் என்ற கேள்வியும் வருகிறது. சாதாரணப் பெற்றோரின் மனதில் இருப்பது இதுதான் என்பதால் ஒதுக்கிவிட முடியாது. பள்ளியிடம் இருப்பது மதிப்பெண் மட்டும் என்றால் அது சரியான கேள்வியாக இருந்திருக்கும். மினியாபொலிஸ் நகரப் பள்ளிகளின் கோப்புகளை 2023இல் திருடிய கும்பல், கேட்ட பணம் கிடைக்காததால் அவற்றை இணையத்தில் கொட்டியது. மாணவர்கள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைப் பற்றி நம்பிக்கையோடு பள்ளியிடம் சொன்னவை, மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட விவரங்கள், வீட்டில் அடி வாங்கியதைப் பற்றிய குறிப்புகள் எல்லாம் பெயரோடு வெளியே வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளிகளில் நடந்த திருட்டில் சுமார் 2,000 மாணவர்களின் உளவியல் மதிப்பீடுகள் வெளியாயின. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஆசிரியரை நம்பிச் சொன்ன சொல், அவர் வளர்ந்து வேலைக்கும் திருமணத்துக்கும் நிற்கும்போதும் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியையும் பட்ட காயத்தையும் எப்படி மாற்றுவது?

இவ்வளவு கொடுமையாக இல்லாவிட்டாலும், அன்றாடம் நடக்கும் இன்னொரு தீங்கும் உண்டு. பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் எங்கிருந்தோ நம் எண்ணைப் பிடித்துத் தனியார் கல்லூரித் தரகர்கள் அழைப்பது தமிழ்நாட்டுப் பெற்றோருக்குப் பழகிப்போன ஒன்று. பிள்ளை எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறது என்பதும் தந்தையின் தொலைபேசி எண்ணும் ஒரே ஆள் கையில் கிடைத்தால், அது விற்பனைக்காரருக்குப் பெரிய பிடி. பைஜூஸ் நிறுவனம் பிள்ளைகள், பெற்றோரின் தொலைபேசி எண்களை விலைக்கு வாங்கித் துரத்துகிறது என்று 2022 டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் தலைவர் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். நிறுவனம் அதை மறுத்தது. அந்தக் குற்றச்சாட்டின் உண்மை எப்படியிருந்தாலும், அப்படி ஒரு சந்தை உருவாவதற்கு வேண்டிய சரக்கு எங்கெங்கோ சேர்ந்துகொண்டே இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

என் வாதத்துக்கு வரும் மிக வலுவான மறுப்பு நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் உயர்கல்விக்குப் போனால், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதே ஏழாண்டுப் படிப்பு இருந்தால், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் கிடைக்கிறது. அவள் எங்கே படித்தாள் என்பதற்கு எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறைக் கணினித் தொகுப்பில் பதிவு இல்லாவிட்டால், ஊர் ஊராக அலைந்து தலைமையாசிரியர் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளையைத் தேடிப் பிடித்து மறுபடி சேர்ப்பதற்கும் அந்தப் பதிவு வேண்டும். ஏழைப் பிள்ளைக்குப் பதிவே உரிமைச் சீட்டு; அதை அழிக்கச் சொல்வது வசதியுள்ளவர்களின் கவலை என்று ஒருவர் சொன்னால், அதில் உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த உரிமைச் சீட்டில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று பாருங்கள். மாணவியின் பெயர், பள்ளியின் பெயர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்பவை போதும். ஏழாம் வகுப்பில் அவள் உயரம் எவ்வளவு, தந்தையின் வருமானம் என்ன, எந்த நாளில் எந்தக் கைப்பேசியிலிருந்து எந்தக் காணொளியைப் பார்த்தாள் என்பவற்றுக்கு உதவித்தொகையோடு எந்தத் தொடர்பும் இல்லை. பள்ளியிடம் இருப்பவை எல்லாம் ஒரே ஆயுள் கொண்டவை அல்ல. சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ், இறுதி மதிப்பெண் ஆகியவை அவர் வாழ்நாள் முழுக்க வேண்டும். இடைநின்ற பிள்ளையைத் தேடுவதற்கான வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் அவர் பள்ளி வயதைக் கடக்கும் வரை வேண்டும். கற்றல் செயலியில் போட்ட தப்பும் சரியும் அந்தக் கல்வியாண்டோடு தீர்ந்துவிடும். பிள்ளைக்குப் பின்னக் கணக்கு புரியவில்லை என்று ஆசிரியருக்கு இந்த மாதம் தெரிய வேண்டும். பத்தாண்டு கழித்து ஒரு நிறுவனத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. பாடத்தைச் செம்மைப்படுத்தப் பழைய தரவு வேண்டும் என்று கேட்டால், யார் என்று கண்டுபிடிக்க முடியாதபடி பெயரும் எண்ணும் நீக்கி, தொகுப்பாக வைத்துக்கொள்ளலாம். பழைய மாணவர் சான்றிதழ் கேட்டு வந்தால் கொடுப்பதற்கு டொரொன்டோவிலும் பதிவேடு தேவைதான். மருத்துவ அட்டை எண் எந்தச் சான்றிதழிலும் இடம்பெறுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதற்கு ஆறு ஆண்டு கழித்து, 2023இல், எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் ஒன்பதாம் பிரிவு, 18 வயதுக்கு உட்பட்டவர் எவரானாலும் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தைகளைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். எழுத்தளவில் உலகின் கடுமையான விதிகளில் ஒன்று இது. 2025 நவம்பரில் வந்த விதிகள் இதில் ஒரு வாசலைத் திறந்துவிட்டன. கல்வி நிறுவனங்கள் தங்கள் கல்விப் பணிக்காகவும் மாணவர் பாதுகாப்புக்காகவும் பிள்ளைகளைக் கண்காணித்தால் அந்தத் தடையும் ஒப்புதல் நிபந்தனையும் பொருந்தா. வகுப்பறை நடக்க இப்படி ஒரு விலக்கு வேண்டும்தான். வருகைப்பதிவு எடுக்க ஒவ்வொரு நாளும் ஒப்புதல் கேட்க முடியாது. கல்வி நிறுவனம் என்றால் கல்வி புகட்டும் நிறுவனம் என்று விரிவாகச் சொல்லி விட்டிருப்பதுதான் கவலை தருகிறது. காணொளியில் பாடம் விற்கும் நிறுவனமும் நாளை அந்த நிழலில் ஒதுங்கப் பார்க்கும்.

அதைவிடப் பெரிய ஓட்டை அழிப்பதில் இருக்கிறது. நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும் என்று சட்டம் பொதுவாகச் சொல்கிறது. எத்தனை நாளில் என்பதற்கு விதிகளில் ஓர் அட்டவணை உண்டு. பெரிய இணைய வணிகத் தளங்கள், இணைய விளையாட்டு நிறுவனங்கள், சமூக ஊடகங்கள் ஆகியவற்றுக்கு, பயனர் வராமல் போய் மூன்று ஆண்டு என்று அது கெடு வைக்கிறது. கல்வித் தளங்கள் அந்த அட்டவணையில் இல்லை. சட்டை வாங்கியவரின் விவரத்துக்குக் கெடு உண்டு. பாடம் படித்த பிள்ளையின் விவரத்துக்கு, நோக்கம் எப்போது முடிகிறது என்பதை நிறுவனமே சொல்லிக்கொள்ளலாம். அரசு அமைப்புகளுக்கு ஒன்றிய அரசு அறிவிக்கை மூலம் விலக்களிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்த நிலையில்தான் பள்ளி முதல் பட்டப்படிப்பு வரை ஒவ்வொரு மாணவருக்கும் ஆயுளுக்கும் ஒரே எண் தரும் ஆபார் திட்டம் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. ஓர் எண்ணின் கீழ் எல்லாம் சேருமானால், எதை எப்போது அழிப்பது என்ற விதி முன்பைவிட அதிகம் தேவை.

கெடு வைத்து அழிக்கச் சொன்னால் சிறிய நிறுவனங்கள் தாங்காது, இலவசச் செயலிகள் மறைந்துவிடும், கடைசியில் இழப்பு ஏழை மாணவருக்கே என்று தொழில்துறையினர் சொல்கிறார்கள். கலிஃபோர்னியா மாநிலம் 2014இல் இயற்றிய சட்டம் பெற்றோரிடம் ஒப்புதல் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மாணவர் தகவலை விற்கக் கூடாது, அதைக் கொண்டு குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்று நிறுவனங்கள் மீதே நேரடியாகத் தடை போட்டது. உலகின் தொழில்நுட்ப நிறுவனங்கள் நெருக்கியடித்து வாழும் மாநிலம் அது. கல்விச் செயலிகள் அங்கே செத்துவிடவில்லை. குழந்தைகளின் தகவலைக் காலவரையின்றி வைத்திருக்கக் கூடாது, எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி விதியும் 2025இல் திருத்தப்பட்டது. சிறிய நிறுவனத்துக்குக் குறைவாக வைத்திருப்பது சுமையைக் குறைக்கவே செய்யும். இல்லாத தரவுக்குக் காவல் வேண்டாம். பிள்ளையின் விவரத்தை விற்றால்தான் இலவசமாகத் தர முடியும் என்ற செயலிக்கு, அந்த விலையைப் பிள்ளை கொடுத்துக்கொண்டிருக்கிறது. அரசு அதற்குப் பணமாகவே கொடுத்து வாங்கட்டும்.

வாங்குகிறவர் கையில்தான் பெரிய பலம் இருக்கிறது என்பதைப் பவர்ஸ்கூல் திருட்டை விசாரித்த கனடியத் தனியுரிமை ஆணையர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா மாகாண ஆணையர்கள் 2025 நவம்பரில் வெளியிட்ட முடிவுகளில் நிறுவனத்தோடு நின்றுவிடாமல் பள்ளி நிர்வாகங்களையும் குறை கூறினார்கள். ஒப்பந்தத்தில் தனியுரிமை, பாதுகாப்பு நிபந்தனைகள் போதுமான அளவு இல்லை. நிறுவன ஊழியர்கள் வெளியிலிருந்து எந்நேரமும் உள்ளே வர வழிவிட்டிருந்தார்கள். நிறுவனம் சொன்னபடி நடக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை என்றார்கள். தமிழ்நாட்டில் ஓர் அரசுத் துறையோ, பெரிய தனியார் பள்ளிக் குழுமமோ ஒரு தளத்தை வாங்கும்போது ஒப்பந்தத்தில் நான்கு வரி சேர்த்தால் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடும். தனித்தனிப் பெற்றோர் லட்சம் பேர் லட்சம் படிவங்களைப் படித்துக் கையெழுத்திட்டாலும் அது நடக்காது.

நம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதற்குள் கல்வித் தளங்களை அழிப்புக் கெடு அட்டவணையில் சேர்ப்பது ஒன்றிய அரசின் வேலை; எமிஸில் உள்ள ஒவ்வொரு விவரத்துக்கும் எத்தனை ஆண்டு ஆயுள் என்று பகிரங்கமாக அறிவிப்பது மாநில அரசின் வேலை. பெற்றோர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பான்மை பெற்றோர்தான். தனியார் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடக்கிறது. வரும் ஜூனில் பள்ளி திறந்து, புதிய செயலியின் பெயரைச் சொல்லி உங்கள் எண்ணையும் பிள்ளையின் ஆதாரையும் கேட்கும்போது, எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என் பிள்ளை இந்தப் பள்ளியை விட்டுப் போன பிறகு, இதையெல்லாம் எந்தத் தேதியில் அழிப்பீர்கள்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.